டார்ம் வாசல்ல வெள்ளிக்கிழமை ராத்திரி நின்ன பையன்: அமெரிக்க கேம்பஸ்ல யூத மாணவர்கள் வாழ்க்கை பத்தி தெரிஞ்சவங்க வாங்க

மருதன்_சாம்பெய்ன்:

வணக்கம் மக்களே. நான் இலினாய் யுனிவர்சிட்டில, அர்பானா-சாம்பெய்ன்ல பிஎச்டி ரெண்டாவது வருஷம். போன ஜனவரில ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி லேப் முடிச்சுட்டு பத்தரை மணிக்கு டார்முக்கு, அதான் ஹாஸ்டலுக்கு, வர்றேன், பனி கொட்டுது, வாசல்ல எங்க ஃப்ளோர் பையன் ஒருத்தன் கோட்டு பாக்கெட்டுல கையை விட்டுக்கிட்டு சும்மா நிக்கிறான். கெமிஸ்ட்ரி படிக்கிறவன், சமையலறைல பாத்துப் பழக்கம். கார்டை மறந்துட்டியான்னு கேட்டேன், சிரிச்சான், "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி"ன்னான், அவ்வளவுதான். நான் கார்டைத் தேய்ச்சு உள்ள போனேன், அவனும் கூடவே வந்தான், லிஃப்ட் பக்கம் போகாம நாலு மாடியும் படியேறினான்.

ரெண்டு நாள் கழிச்சு கேட்டேன், அப்பதான் தான் யூதன்னு சொன்னான். வெள்ளி சாயங்காலம் சூரியன் மறையறதுக்கு முன்னாடி தொடங்கி சனிக்கிழமை ராத்திரி வானத்துல மூணு நட்சத்திரம் தெரியற வரைக்கும் ஷபாத், நம்ம தமிழ் பைபிள்ல ஓய்வுநாள்னு வருமே அதுதான். அந்த நேரத்துல மின்சாரத்தை இயக்கக் கூடாது, கார்டு தேய்ச்சா கதவுல மின்சாரம் ஓடுது, அதனால யாராவது அவங்க வேலையா வந்து கதவைத் திறக்கற வரை நிக்கணும். சரி, என்கிட்டயாவது திறந்து விடுன்னு கேட்டிருக்கலாமேன்னா, தனக்காக இதைச் செய்னு அடுத்தவங்களை நேரா ஏவறதும் கூடாதாம். அந்தக் குளிர்ல நாப்பது நிமிஷம் நின்னிருக்கான், ஒரு வார்த்தை முணுமுணுக்கல.

அடுத்த வாரம் என்னை ஹில்லெல்ல, அதாவது யூத மாணவர் அமைப்புல, நடக்குற வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். யார் நீ, என்ன மதம்னு யாரும் கேக்கல, பேர் மட்டும் கேட்டாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி எல்லாரும் வரிசைல போய் ரெண்டு கைப்பிடி வச்ச சொம்புல கை கழுவினாங்க, கழுவிட்டு வந்து உக்காந்ததும் ஒருத்தரும் பேசல. அவ்வளவு சத்தமா இருந்த ஹால், அம்பது அறுபது பேர், எல்லாம் இருபது வயசுப் பசங்க, ரொட்டிக்கு ஆசி சொல்லி முடியற வரைக்கும் கப்சிப். ரொட்டி ரெண்டு, பின்னல் போட்ட மாதிரி இருக்கும், ஹல்லான்னு பேரு, மேல துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. ஏன் மூடறீங்கன்னு கேட்டதுக்குப் பக்கத்துல இருந்த பொண்ணு சொன்னா, மத்த நாள்ல ரொட்டிக்குத்தான் முதல் மரியாதை, இன்னைக்கு ஒயினுக்கு முதல்ல ஆசி சொல்றோம், அதைப் பாத்து ரொட்டி மனசு வருத்தப்படக் கூடாதில்லையான்னு. எனக்கு அந்த ஒரு பதில்லயே மனசு ஒட்டிக்கிச்சு.

இது எப்படி ஒவ்வொரு வாரமும் விடாம நடக்குது, யார் நடத்துறாங்க, எப்ப ஆரம்பிச்சது, வேற கேம்பஸ்லயும் இப்படித்தானா? அனுபவம் இருக்கறவங்க எழுதுங்க.

வால்தம்_வசந்தி:

தம்பி, நீங்க உக்காந்திருக்குற ஊர்லதான் ஹில்லெல்லே பொறந்தது! 1923-ல, அதே இலினாய் யுனிவர்சிட்டில. பெஞ்சமின் ஃபிராங்கல்னு ஒரு இளம் ரபி (யூத மத குரு), சின்சினாட்டில ரபி படிப்பு படிச்சுக்கிட்டே சாம்பெய்ன்ல இருந்த சின்ன சபைக்கு வந்து போனவர், யூதப் பசங்க அங்க எந்தப் பிடிப்பும் இல்லாம இருக்கறதைப் பாத்துத் தொடங்கினது. அவருக்குத் தூண்டுகோலா இருந்ததுல ஒருத்தர் எட்வர்ட் சான்சி பால்ட்வின், ஆங்கிலப் பேராசிரியர், அவர் யூதரே இல்ல, கிறிஸ்தவர். இந்தப் பசங்களுக்குத் தங்களோட வேதமும் இலக்கியமும் தெரியலையேன்னு அவர் ஆதங்கப்பட்டிருக்கார். அப்புறம் ப்னே ப்ரித்னு யூதர்களோட பழைய சங்கம் பணம் போட்டு ஏத்துக்கிச்சு. ஃபிராங்கல் சின்ன வயசுலயே 1927-ல இறந்துட்டார், ஆனா இன்னைக்கு 850-க்கும் மேல காலேஜ்ல ஹில்லெல் இருக்கு.

பேருக்குக் காரணமும் சொல்லிடறேன், உங்க வாசல் கதையைப் படிச்சதும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. ஹில்லெல்ங்கறவர் 2000 வருஷத்துக்கு முன்னாடி இருந்த ஞானி, பரம ஏழை. தினம் கிடைக்குற கூலில பாதியைப் பாடசாலை வாசல்காரனுக்குக் கொடுத்துட்டு உள்ள போய்ப் படிப்பாராம். ஒரு நாள் கூலி கிடைக்கல, வாசல்காரன் விடல. அவர் கூரை மேல ஏறி வெளிச்சம் வர்ற துவாரத்துல காதை வச்சுப் பாடம் கேட்டிருக்கார். அன்னைக்குக் குளிர்கால வெள்ளிக்கிழமை! ராத்திரி பூரா பனி பெஞ்சு அவரை மூடிடுச்சு. காலைல ஆசிரியர்கள் ரெண்டு பேரும் என்ன இன்னைக்கு உள்ள இருட்டா இருக்குன்னு அண்ணாந்து பாத்தா துவாரத்துல மனுஷ உருவம். இறக்கிக் குளிப்பாட்டி எண்ணெய் தேச்சு நெருப்புப் பக்கத்துல உக்கார வச்சாங்களாம், இவருக்காக ஓய்வுநாளை மீறினாலும் தகும்னு சொல்லி. யூதர்களோட பழைய சட்ட நூலான தல்முதுல வர்ற கதை. மாணவர்களுக்கான ஒரு அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பேரு கிடைக்காது.

நான் பிராண்டைஸ் யுனிவர்சிட்டில படிச்சேன், பாஸ்டன் பக்கத்துல வால்தம். ஹில்லெல்லை ரெண்டாவதா தேசிய அளவுல நடத்தின ஏப்ரம் சாக்கர்தான் 1948-ல பிராண்டைஸ் தொடங்கினப்ப முதல் தலைவர். யூதர்கள் பணம் போட்டுக் கட்டினது, ஆனா யார் வேணும்னாலும் படிக்கலாம். அங்க ஒரு குளம், சுத்தி மூணு சின்ன ஆலயம்: யூதர், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட். ஒண்ணோட நிழல் இன்னொண்ணு மேல விழாத மாதிரி இடம் பாத்துக் கட்டியிருக்காங்க. செமஸ்டர் கஷ்டத்துல நான் அந்தப் புல்லுல போய் உக்காருவேன், எனக்கு மூணும் இல்லன்னாலும் அந்த இடம் நிம்மதி கொடுக்கும்.

சேலம்_செல்வா:

அக்கா அழகா சொன்னீங்க. ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு வலி இருக்கு, அதைச் சொல்லாம விட்டா பாதிதான் புரியும். 1922-ல ஹார்வர்டுல முதல் வருஷப் பசங்கள்ல அஞ்சுல ஒருத்தர் யூதர். லோவெல்ங்கற தலைவர், இது அதிகம், 15 சதவீதத்துல நிறுத்தணும்னு வெளிப்படையாவே பேசினார். எதிர்ப்பு வந்ததும் அந்த வெளிப்படையான உச்சவரம்பைக் கொண்டுவர முடியல, ஆனா அப்ளிகேஷன்ல அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேர் என்ன, குடும்பத்துல யாராவது பேரை மாத்திக்கிட்டாங்களா, போட்டோ ஒட்டு, "குணநலன்" எப்படின்னு கேட்டு வடிகட்டினாங்க. யேல்ல 10 சதவீதம் பக்கத்துலயே 1960 வாக்குல வரைக்கும் இருந்துச்சு. உள்ள போன பசங்களையும் மத்த ஃப்ரட்டர்னிட்டிகள் (மாணவர் சங்கங்கள்) சேத்துக்கல, அதனாலதான் தனியா ஆரம்பிச்சாங்க, ஸீட்டா பீட்டா டௌ 1898, ஆல்ஃபா எப்சிலான் பை 1913-ல நியூயார்க் யுனிவர்சிட்டில. பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டு, அப்பன் தொழிலைக் கேட்டு ஆளை எடைபோடறது நம்மூர்ல புதுசு இல்ல, அதனால இதைப் படிச்சப்ப எனக்கு வேற ஊர்க் கதையா தோணல.

வெஜ்_வித்யா:

நான் சாப்பாட்டுப் பக்கம் வர்றேன், ஏன்னா எனக்கு அறிமுகமே அதுலதான். சுத்த சைவம் நான், முட்டை கூட இல்ல. வந்த புதுசுல மெஸ்ல எதுல என்ன கலந்திருக்குன்னு தெரியாம ஒரு மாசம் வெறும் வாழைப்பழமும் பிரெட்டும்தான். சீனியர் அக்கா ஒருத்தங்கதான் கோஷர் கவுன்ட்டருக்கு, அதாவது யூத உணவு விதிப்படி சமைக்கற இடத்துக்கு, போன்னு சொன்னாங்க. கோஷர்ல இறைச்சியையும் பாலையும் சேத்துச் சமைக்கக் கூடாது, சேத்துச் சாப்பிடக் கூடாது, பாத்திரம், கரண்டி, சிங்க்கு எல்லாம் தனித்தனி. அதனால பால் பக்கத்துல வாங்கினா இறைச்சி கலந்திருக்குமோன்னு பயமே இல்ல. மஷ்கியாக்னு ஒருத்தர் மேற்பார்வைக்குன்னே சமையலறைல நிப்பார், கீரைக்கட்டை ஒவ்வொரு இலையா வெளிச்சத்துல காட்டி பூச்சி இருக்கான்னு பாப்பார். எங்க பாட்டி முருங்கைக்கீரை ஆயற மாதிரியே இருக்கும்.

ஆனா புதுசா வர்றவங்க கவனிங்க, இது முக்கியம்: பாக்கெட்டுல "பார்வே"ன்னு போட்டிருந்தா இறைச்சியும் இல்ல பாலும் இல்லன்னு மட்டும்தான் அர்த்தம். முட்டையும் மீனும் அதுல வரும். நான் அது தெரியாம கேக் சாப்பிட்டு ரெண்டு நாள் அழுதேன்.

டார்ட்மவுத் காலேஜ்ல கோஷர், ஹலால், இந்து சைவம் மூணையும் ஒரே இடத்துல பரிமாற ஏற்பாடு பண்ணினாங்க. யூத, முஸ்லிம், இந்துப் பசங்க பக்கத்துப் பக்கத்துல தட்டை வச்சுக்கிட்டு உக்காந்தா பாதிப் பிரச்சினை அங்கயே கரைஞ்சிரும்ங்கறது என் நம்பிக்கை.

தர்க்கன்:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது கடைசில அவங்கவங்க ஆளுங்களை அவங்கவங்களோட கட்டி வைக்கற ஏற்பாடுதானே? யுனிவர்சிட்டிக்குப் போறதே நாலு பேரோட கலக்கத்தான். அதோட இஸ்ரேல் விஷயத்தை யாருமே தொடலையே. 1999-லருந்து பர்த்ரைட்னு 18-லருந்து 26 வயசு வரைக்கும் யூத இளைஞர்களை 10 நாள் வாக்குல இலவசமா இஸ்ரேல் கூட்டிட்டுப் போறாங்க, ஹில்லெல் அதுல பெரிய பங்கு. பாலஸ்தீனத்தைப் பத்திப் பேசுறவங்களுக்கு அந்த மேசைல இடம் உண்டா?

நடேசன்_நியூஜெர்சி:

தர்க்கன் தம்பி, உங்க முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்றேன், ரெண்டாவதுக்கு என்னைவிட விவரம் தெரிஞ்சவங்க வரட்டும். நான் 60 தாண்டினவன், எங்க வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு ஹபாத் ஹவுஸ். இங்கிலீஷ்ல Chabad-னு எழுதறதைப் பாத்துட்டு சபாத்னு சொல்லிடாதீங்க, உச்சரிப்பு தொண்டைல இருந்து வர்ற ஹ. பழைய மரபை இறுக்கமா கடைப்பிடிக்கற யூதர்கள்ல ஒரு பிரிவான லுபாவிச் ஹசிதிக்குகள் நடத்துறது. அவங்க குரு மெனக்கெம் மெண்டல் ஷ்னீர்சன், நியூயார்க் புரூக்ளின்ல இருந்தவர், இளம் தம்பதிகளை ஊர் ஊரா அனுப்பி வச்சார். கேம்பஸ்ல முதல் வீடு 1969-ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல யுசிஎல்ஏ யுனிவர்சிட்டி பக்கத்துல. ஹில்லெல்ல சம்பளத்துக்கு ஊழியர்கள், மாணவர் போர்டு, தேர்தல்னு இருக்கும். புதுமைப் பக்கம் சாயற ரிஃபார்ம், நடுவுல கன்சர்வேடிவ், மரபை விடாத ஆர்த்தடாக்ஸ் மூணு பிரிவும் மூணு அறையில தனித்தனியா கும்பிட்டு முடிச்சு சாப்பாட்டுக்கு ஒரே ஹாலுக்கு வருவாங்க. ஹபாத் அப்படி இல்ல, அது ஒரு குடும்பத்தோட வீடு. புருஷன், பொண்டாட்டி, ஆறேழு குழந்தை, அந்த ஊரே வாழ்க்கைன்னு வந்துடறாங்க.

நான் கண்ணால பாத்தது: அந்த அம்மா வியாழக்கிழமை சாயங்காலமே மாவு பிசைய ஆரம்பிச்சிரும், இடுப்புல ஒண்ணு, காலைக் கட்டிக்கிட்டு ஒண்ணு. யாராவது பையனுக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சா டப்பால சிக்கன் சூப்பை ஊத்தி மூத்த பொண்ணுகிட்ட கொடுத்து அனுப்பும். அந்தப் பையன் கோவிலுக்கு வந்தானா, சட்டம் கடைப்பிடிக்கிறானான்னு கேள்வி கிடையாது. ஒரு தடவை என் பையன் ஊருக்கு வந்து ஃப்ளூல படுத்திருந்தப்ப எங்க வீட்டுக்கும் ஒரு டப்பா வந்துச்சு, நாங்க அசைவம் சாப்பிடுவோமான்னு முதல்ல கேட்டுட்டு. தூரத்துல போய்ப் படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு வீடு இருக்குன்னு தெரிஞ்சா பெத்தவங்க ராத்திரி தூங்குவாங்க தம்பி. அதைக் கலக்கவிடாம கட்டி வைக்கறதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கொலம்பியா_கயல்:

ரெண்டாவது கேள்விக்கு நான் வர்றேன். 2023-24-ல நான் கொலம்பியால மாஸ்டர்ஸ், அந்த வருஷம் என்னை ரொம்பப் பாதிச்சது, அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

யூத மாணவர்கள்னா ஒரே குரல்னு நினைக்கறது தப்பு. அந்தச் சண்டை ஹில்லெல்லுக்குள்ளயே ரொம்ப நாளா இருக்கு. இஸ்ரேலை யூத ஜனநாயக நாடா ஏத்துக்காதவங்களோட, புறக்கணிப்பை ஆதரிக்கறவங்களோட சேந்து நிகழ்ச்சி நடத்தக் கூடாதுன்னு தலைமைல விதி உண்டு. அதை எதிர்த்து ஓபன் ஹில்லெல்னு மாணவர்களே இயக்கம் நடத்தினாங்க. 2013-ல ஸ்வார்த்மோர் காலேஜ் பசங்க நாங்க அந்த விதியை ஏத்துக்க மாட்டோம்னு அறிவிச்சு, 2015-ல ஹில்லெல்ங்கற பேரையே விட்டுட்டு கெஹிலான்னு வச்சுக்கிட்டாங்க, சமூகம்னு அர்த்தம். பேரை இழந்தாங்க, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை இழக்கல.

2023 அக்டோபர் 7 இஸ்ரேல்ல ஹமாஸ் தாக்குதல் நடந்ததுக்கு அப்புறம் என் கூடப் படிச்ச ஒருத்திக்கு அங்க செத்தவங்கள்ல சொந்தக்காரங்க இருந்தாங்க. அவ கழுத்துல போட்டிருந்த தாவீதின் நட்சத்திரத்தை சட்டைக்குள்ள விட்டுக்கிட்டு கிளாசுக்கு வந்தா. அதே கிளாஸ்ல இன்னொருத்தி, அவளும் யூதப் பொண்ணுதான், காசா போர்ல குழந்தைங்க சாகறதைப் பாத்துட்டு என் பேர்ல இது நடக்கக் கூடாதுன்னு புல்வெளில போராட்டக் கூடாரம் போட்டவங்களோட போய் உக்காந்தா. 2024 ஏப்ரல் 17 கூடாரம் எழும்புச்சு, 22 சாயங்காலம் பஸ்கா பண்டிகை ஆரம்பம். அன்னைக்குக் கிளாஸ் எல்லாம் ஆன்லைன்ல மாத்திட்டாங்க. ஒரு ஆர்த்தடாக்ஸ் ரபி, பாதுகாப்பு இல்ல, பசங்க வீட்டுக்குப் போயிடுங்கன்னு மெசேஜ் அனுப்பியிருந்தார். அதே சாயங்காலம் புல்வெளில துணி விரிச்சு, புளிப்பில்லா அப்பத்தையும் கசப்புக் கீரையையும் வச்சு செடர்ங்கற பஸ்கா ராத்திரி விருந்துச் சடங்கு நடந்துச்சு, எகிப்துல அடிமையா இருந்த கதையை வாசிச்சாங்க. ஒருத்தி பயந்து ரயிலேறி வீட்டுக்குப் போய் அந்தக் கதையை வாசிச்சா, இன்னொருத்தி புல்லுல உக்காந்து அதையே வாசிச்சா. ரெண்டு பேரையும் எனக்குத் தெரியும். ரெண்டு பேர் மேலயும் எனக்கு மரியாதை இருக்கு. அவங்க ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கறதில்ல, அது எனக்கு இன்னும் வலிக்குது.

தர்க்கன்:

கயல், நன்றி. நான் கேட்டது அவசரமா கேட்ட கேள்வி. விதி தப்புன்னுதான் இப்பவும் நினைக்கிறேன், ஆனா மேசைல உக்காந்திருக்கறவங்களே அதோட மல்லுக்கட்டுறாங்கன்னு தெரியாது.

பிட்ஸ்பர்க்_பாலா:

வாசல்னு பேச்சு வந்ததால ஒண்ணு. இப்ப நிறைய இடத்துல ஹில்லெல் வாசல்ல காவலர் நிப்பார், பையைப் பாப்பாங்க. புதுசா போறவங்க மனசு சுணங்க வேணாம். 2018 அக்டோபர் 27, சனிக்கிழமை காலைல, எங்க ஊர் ஸ்குவிரல் ஹில்ல ட்ரீ ஆஃப் லைஃப் ஜெப ஆலயத்துல துப்பாக்கிக்காரன் 11 பேரைக் கொன்னான். ரெண்டு பெரிய யுனிவர்சிட்டிக்கும் பக்கத்துல இருக்கற ஏரியா அது, கேம்பஸ் பசங்க நிறைய பேர் குடியிருக்கற இடம். அன்னைக்கு சாயங்காலம் ஃபோர்ப்ஸ், மர்ரே தெரு முனையில மழைக் குளிர்ல கூட்டம் கூடுச்சு, ஏற்பாடு பண்ணினது ஹைஸ்கூல் பசங்க. ஓய்வுநாள் முடிஞ்சதும் ஹவ்தாலான்னு ஒரு சடங்கு, பல திரி சேத்துப் பின்னின மெழுகுவத்தியை ஏத்துவாங்க, அதைத் தெருவுலயே செஞ்சாங்க. நான் பின்னாடி வரிசைல நின்னேன், பாட்டு புரியல, அழுகை வந்துச்சு.

டிஏ_தமிழ்:

பரீட்சை பத்தி யாரும் சொல்லல. நான் வேலை பாத்த ஒரு யுனிவர்சிட்டில, பேர் வேணாம், யோம் கிப்பூர் அன்னைக்கு மிட்டெர்ம் வச்சுட்டார் ஒரு பேராசிரியர். யூதர்களுக்கு அதைவிடப் புனிதமான நாள் கிடையாது, 25 மணி நேரம் பச்சைத்தண்ணி கூட குடிக்க மாட்டாங்க. ஒரு பொண்ணு வந்து வேற நாள் கொடுங்கன்னா, போன வருஷம் இந்தத் தேதில பண்டிகை இல்லையேன்னு அவர் சந்தேகமா கேட்டார். நான்தான் சொன்னேன், சார் அவங்க மாசம் சந்திரனை வச்சு வர்றது, 19 வருஷத்துல 7 தடவை ஒரு மாசத்தைக் கூட்டிக்குவாங்க, தெலுங்கு, கன்னடப் பஞ்சாங்கத்துல அதிக மாசம் வரும்ல அதே கணக்கு, அதனால தேதி முன்ன பின்ன ஆகும்னு. அவர் கடைசி வரை மாத்தல. அந்தப் பொண்ணு பூஜ்யம் வாங்கிக்கிட்டு மத்த பரீட்சைல ஈடுகட்டினா. எனக்கு இன்னும் ஆறல. நியூயார்க் மாதிரி மாநிலத்துல மத நாளுக்கு வராத மாணவருக்கு வேற வாய்ப்பு கொடுக்கணும்னு சட்டமே இருக்கு, எல்லா இடத்துலயும் அது வரணும்.

வெஜ்_வித்யா:

பண்டிகைன்னதும் இன்னொண்ணு. பஸ்கா எட்டு நாளும் ரொட்டி கிடையாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா கிழக்கு ஐரோப்பா வழி வந்த அஷ்கெனாசி குடும்பங்கள்ல அரிசி, பருப்பு கூட தொட மாட்டாங்க, பல நூறு வருஷப் பழக்கம். ஸ்பெயின், மத்திய கிழக்கு வழி வந்தவங்க சாப்பிடுவாங்க. 2015 கடைசில கன்சர்வேடிவ் பிரிவு சாப்பிடலாம்னு சொல்லிடுச்சு, ஆனாலும் என் ரூம்மேட் சாப்பிட மாட்டா, பாட்டி சாப்பிடலையாம். அந்த வாரம் நான் சாம்பார் வச்சா அவ தட்டுல படாம என் மூலைல மட்டும் வச்சுக்குவேன்.

மருதன்_சாம்பெய்ன்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வசந்தி அக்கா சொன்ன கூரைக் கதையை அவன்கிட்டச் சொன்னேன், சின்ன வயசுல அப்பா சொல்லிக் கேட்ட கதைதான், ஒரு தமிழ்ப் பையன் திருப்பிச் சொல்றான்னதும் அவன் முகத்தைப் பாக்கணுமே. நேத்து மறுபடி சாப்பாட்டுக்குப் போனேன். எதாவது கொண்டு போறவங்களுக்கு: வீட்டுல செஞ்சது வேணாம், நம்ம பாத்திரம் கோஷர் இல்ல. கோஷர் முத்திரை போட்ட பாக்கெட்டா, இருட்டறதுக்கு முன்னாடி கொண்டு போய்க் கொடுத்துடுங்க. போனை வெளிய எடுக்காதீங்க.

அப்புறம் வாசல் விஷயம். சில யுனிவர்சிட்டில கேட்டா சாதாரணச் சாவி கொடுப்பாங்கன்னு அவனுக்கே தெரியாம இருந்திருக்கு. நாங்க ரெண்டு பேருமா போய் எழுதிக் கொடுத்தோம், மூணு வாரத்துல பக்கவாட்டுக் கதவுக்குப் பித்தளைச் சாவி ஒண்ணு கைக்கு வந்துச்சு. ஆனா ஓய்வுநாள்ல தெருவுல எதையும் சுமந்துக்கிட்டு நடக்கக் கூடாது, சாவி கூட. சில ஊர்ல எரூவ்னு கம்பத்துக்குக் கம்பம் கம்பி கட்டி எல்லை போட்டிருப்பாங்க, அதுக்குள்ள சுமக்கலாம், ஆனா அதை ஏத்துக்காத குடும்பங்களும் இருக்கு, இவன் வீட்டு வழக்கம் அப்படி. அதனால சாவியையே கொக்கியா வச்சு ஒரு பெல்ட்டு பண்ணியிருக்கான், சாவி இல்லன்னா பெல்ட்டு பூட்டாது, அப்ப அது சுமக்கறது இல்ல, உடுத்தறது. நேத்து ராத்திரி ரெண்டு பேரும் பனில நடந்து வந்தோம், வாசல்ல வந்ததும் என்னைக் கார்டை எடுக்க வேணாம்னுட்டு, ஒரு கையால பேண்ட்டைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால பெல்ட்டைக் கழட்டி அவனே திறந்து எனக்குக் கதவைப் பிடிச்சான்.